சந்தையில் சாதுவாக நின்ற குதிரை மலைக்கு வந்ததும் ஏன் மிரள்கிறது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மூன்றரை வயது ஆண் குதிரை ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிப் பூம்பாறைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சந்தையில் அத்தனை மேளச் சத்தத்துக்கு நடுவிலும் சாதுவாக நின்றது. இங்கே வந்த பிறகு பஸ் ஹாரன் கேட்டால் துள்ளுகிறது, தார்ப்பாயைக் கண்டால் பின்வாங்குகிறது, ஊருக்கு மேலே சீகைக்காட்டுத் (வாட்டில் மரக்காட்டுத்) திருப்பம் வந்தால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை உங்களைக் கீழேயும் தள்ளிவிட்டது. கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை வைத்திருக்கும் உங்கள் மாமா, "மூஞ்சிக்கல்லுல பஸ் போற இடமா பாத்து பத்து நாள் கட்டிப் போடு, தானா தெளிஞ்சிரும்" என்கிறார். ஏப்ரலில் சீசன் தொடங்குவதற்குள் சவாரிக்கு விட வேண்டும், கட்டிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டிப் போடாதீர்கள். இந்தப் பயம் பெரும்பாலும் போகக்கூடியதுதான். ஆனால் வருகிற சீசனுக்குள் சுற்றுலா வந்தவர்களை ஏற்றும் அளவுக்குப் போகாது. கேள்வியின் நடுவில் "வேணும்னே பண்ணுதோன்னு தோணுது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன்: இது திமிரா, பயமா? ஏனென்றால் திமிர் என்று முடிவுகட்டினால் கை ஒரு மாதிரி வேலை செய்யும், பயம் என்றால் வேறு மாதிரி.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. நீலகிரியில் குதிரை லாயங்களில் இளம் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கியே பிழைத்தவன். உங்கள் குதிரையை நான் பார்க்கவில்லை, ஆகவே கீழே சொல்வதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

சந்தையில் பரியாக நின்றது வீட்டுக்கு வந்ததும் நரியாவது மாணிக்கவாசகர் காலத்திலிருந்து இருக்கிற புகார். விற்பவர் மயக்க மருந்து கொடுத்திருக்கலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்படி நடப்பதுண்டு, உங்கள் விஷயத்தில் நடந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. சந்தையில் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குதிரைகள் நின்றன. பக்கத்துக் குதிரை புல் தின்றுகொண்டிருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தம். குதிரை தன் தைரியத்தில் பாதியைக் கூட்டத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அது ஒற்றைக் குதிரை. காவல் வேலை முழுவதையும் தானே பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது, தூக்கமும் சரியாக இருக்காது. ஆகவே குதிரை மாறவில்லை, கூட்டம்தான் போய்விட்டது. மாமாவிடம் பத்து நாளைக்கு இடம் கேட்பதற்குப் பதிலாக, அவருடைய வயதான, எதற்கும் அசையாத பெட்டைக் குதிரை ஒன்றைச் சீசன் இல்லாத இந்த மாதங்களுக்குப் பூம்பாறைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பழக்கத் தொடங்கும் முன் வலி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மிரளுகிறது என்று என்னிடம் வந்த குதிரைகளில் பலவற்றுக்கு எங்காவது வலி இருந்தது. மூன்றரை வயது என்கிறீர்கள், அந்த வயதே வாய்க்குக் கஷ்டமான வயது. பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது முன்பற்களில் இரண்டரை வயதில் ஒரு ஜோடி, மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் மூன்றாவது ஜோடி என்று நடக்கும். கடைவாயிலும் இதே காலத்தில் பால்பல் கழன்று ஈறு புண்ணாக இருக்கும். சில குதிரைகளுக்குக் கடிவாள இரும்பு படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு ஓநாய்ப்பல் முளைத்திருக்கும், இரும்பு அதில் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கும். பஸ் வரும்போது நீங்கள் பயத்தில் லகானை இழுக்கிறீர்கள், இரும்பு புண்ணில் அழுந்துகிறது. பஸ் வந்தால் வாய் வலிக்கும் என்று குதிரை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதன் கணக்கில் தப்பே இல்லை.

கடிவாளம் முள் வைத்ததா என்று பாருங்கள். சந்தையில் குதிரையோடு சேர்த்துக் கொடுப்பது பல சமயம் அதுதான். இழுவை, பொதி விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன, இன்றும் தாராளமாக விற்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நடுவில் ஒரு மூட்டு உள்ள வழவழப்பான கடிவாளம் போடுங்கள். "முள் இல்லாம நிக்காதே" என்பார்கள். முள்ளோடும் உங்கள் குதிரை நிற்கவில்லையே, கீழே விழுந்தது நீங்கள்தானே.

சேணத்தைக் கழற்றியதும் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் தோல் வெடுக்கென்று சுருங்கினாலோ, முதுகைக் கீழே இறக்கினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ அங்கே சேணம் கடிக்கிறது. காதுக்குள் டார்ச் அடித்து உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், காதுப் பக்கம் கை கொண்டுபோனால் தலையை உதறுகிற குதிரைகளில் இது சாதாரணம். மலைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. சீகைக்காட்டு ஓரத்திலும் புல்மேட்டிலும் முழங்கால் உயரத்துக்கு வளரும் பெரணியைக் குதிரை தொடர்ந்து சில வாரம் தின்றால் உடம்பில் பி1 வைட்டமின் அழிந்து, நடை தள்ளாடும், தசை நடுங்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். நல்ல புல் இருக்கும்போது குதிரை அதைத் தொடாது, ஜனவரி பனியில் புல் கருகிய பிறகுதான் வாய் வைக்கும். காய்ந்த பெரணியிலும் அந்த விஷம் இருக்கிறது, ஆகவே லாயத்தில் படுக்கையாகவும் போடாதீர்கள். நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் பழக்கத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், தொடக்கத்திலேயே பிடித்தால் ஊசியில் சரியாகிவிடும்.

வலியையும் பயத்தையும் பிரிக்க நான் வைத்திருக்கும் வழி இது. பயம் இடத்தையும் பொருளையும் பொறுத்து வரும், அதைத் தாண்டியதும் குறையும். வலி சேணம், கடிவாளம், வேகம் இவற்றைப் பொறுத்து வரும், லாயத்திலேயே தெரியும். வயிற்று வாரை இறுக்கும்போதே கடிக்க வருகிறது என்றால் அதை பஸ் ஹாரன் கணக்கில் எழுதாதீர்கள். இரண்டும் கலந்து இருப்பதும் உண்டு. அப்போது வலியை முதலில் தீர்த்துவிட்டுப் பார்த்தால்தான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

சரி, வலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திருப்பத்தில் குதிரைக்கு என்ன தெரிகிறது? அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. நமக்குத் தெரிகிற நிறங்களில் நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரியாது. தார்ப்பாய் நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள், பச்சை மலையில் அதன் கண்ணுக்கு அது பளிச்சென்று எரியும். வெயிலிலிருந்து காட்டு இருட்டுக்குள் நுழையும்போது குதிரையின் கண் பழகுவதற்கு நமக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகும். உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிற பாதை அதற்கு அந்த நேரத்தில் ஒரு கருப்புக் குகை. அங்கே நிறுத்தி, தலையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் லகானைத் தளர்த்திக் கொடுத்தால் அது தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும். நிற்கிற குதிரையைக் குதிகாலால் உதைப்பதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள்.

ஒரு பக்கமாகப் போகும்போது பயப்படாத பாறைக்குத் திரும்பி வரும்போது பயப்படுகிறது என்று நீங்கள் எழுதியது புதிதல்ல. குதிரையின் மூளையில் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் தொடர்பே இல்லை, அதனால்தான் இப்படி என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். தொடர்பு இருக்கிறது, அந்த விளக்கம் தப்பு. ஆனால் பார்த்தது சரி. ஒரே பொருளைத் திருப்பி வைத்தால் குதிரை அதைப் புதுப்பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே எதைப் பழக்கினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் பழக்குங்கள், இரண்டாவது பக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது மாமா சொன்னதற்கு வருகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. கட்டிப் போட்டுத் தெளிந்த குதிரைகள் ஏரிக்கரையில் நிச்சயம் நிற்கின்றன. தெளியாதவை அங்கே நிற்காது, விற்றுப் போயிருக்கும். அதனால் அந்த முறை எப்போதும் பலிப்பது போலவே தெரியும். ஓட முடியாமல் கட்டப்பட்ட குதிரைக்கு இரண்டு வழிதான். ஒன்று, கயிற்றையோ கழுத்தையோ உடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போராடும். அல்லது, போராடிப் பயனில்லை என்று கல்லாகிவிடும். இரண்டாவதைத்தான் நாம் தெளிந்துவிட்டது என்கிறோம். அடங்கின குதிரைக்கும் தெளிந்த குதிரைக்கும் வித்தியாசம் கிட்டே போனால் தெரியும். தெளிந்த குதிரை பஸ் வரும்போது ஒரு காதை அந்தப் பக்கம் திருப்பி, பார்த்துவிட்டு, மறுபடி புல்லுக்குப் போகும். அடங்கின குதிரையின் காது அசையாது, கீழுதடு இறுகியிருக்கும், மூக்குத்துளை முக்கோணமாகச் சுருங்கியிருக்கும், கண் சிமிட்டாது. தாடை எலும்புக்கு அடியில் ஓடுகிற நாடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். சும்மா நின்றுகொண்டே 60, 70 என்று ஓடினால் உள்ளே அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட குதிரைதான் பல நாள் சும்மா இருந்துவிட்டு, ஒரு குழந்தை முதுகில் இருக்கும்போது கிளம்பும்.

இது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல. டென்மார்க்கில் இரண்டு வயது ஆண் குதிரைகள் 27-ஐ மூன்று பிரிவாக்கி, வெள்ளை நைலான் பைக்குப் பழக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. முழுப் பயத்தையும் ஒரேயடியாகக் காட்டிப் பழக்கியது ஒரு பிரிவு, தீனியோடு சேர்த்துப் பழக்கியது ஒன்று, பயத்தைச் சிறு சிறு துண்டாக்கிப் படிப்படியாகக் கொண்டுபோனது மூன்றாவது. படிப்படியாகப் போன குதிரைகள் குறைவாக மிரண்டன, குறைந்த தடவையில் கற்றன, அந்தப் பிரிவில் எல்லாக் குதிரைகளும் தேறின. மற்ற இரண்டில் தேறாதவையும் இருந்தன. மலைப்பாதையில் பஸ்ஸுக்கு முன்னால் அந்த ஆய்வு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், என் அனுபவம் பொருந்தும் என்கிறது.

படிப்படி என்றால் என்ன? உங்கள் ஊரில் படி இயற்கையாகவே இருக்கிறது. பூண்டும் கேரட்டும் போடுகிற அந்தப் படிக்கட்டு வயல்களைச் சொல்கிறேன். ரோட்டில் போகிற பஸ் தெரிகிற, ஆனால் குதிரை புல் மேய்வதை நிறுத்தாத உயரத்தில் ஒரு வரப்பைத் தேர்ந்தெடுங்கள். சேணம் வேண்டாம், முகக்கயிறும் நீளமான பிடிகயிறும் போதும். பஸ் வருகிற நேரம் உங்களுக்குத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நில்லுங்கள். பஸ் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும். குதிரை தலையைத் தூக்கும், பார்க்கும். நீங்கள் குதிரையைப் பார்க்க வேண்டாம், கயிற்றை இறுக்க வேண்டாம், நீங்களும் மூச்சை விட்டுக்கொண்டு பஸ்ஸைப் பாருங்கள். அது மூச்சை நீளமாக விட்டோ, வாயை மென்றோ, தலையைத் தாழ்த்தியோ மறுபடி புல்லில் வாய் வைத்தால் அன்றைக்கு அந்த உயரம் தேறியது. வைக்கவில்லை என்றால் ஒரு படி மேலே ஏறுங்கள். அது ஓட நினைப்பதற்கு முன்னால் நீங்களே ஏறுவதுதான் இதில் முக்கியம். இவன் கூட இருந்தால் விலகிப் போக முடியும் என்று குதிரைக்குத் தெரிந்துவிட்டால், அதற்கு விலக வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

ஒரு நாளைக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் முந்தைய நாள் முடித்த படியில் தொடங்காதீர்கள், ஒரு படி மேலேயே தொடங்குங்கள், இறங்குவது தானாக வேகமாக நடக்கும். காற்று பலமாக அடிக்கிற நாளில் எதையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். காற்றில் எல்லாம் அசையும், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குதிரைக்குத் தெரியாது. மூடுபனியிலும் அப்படித்தான். பயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். தனியாக வந்தால் சமாளிக்கிற மூன்று விஷயம் ஒரே காலையில் வந்தால் நான்காவதாக ஒரு காக்கை பறந்தால்கூடக் குதிரை கிளம்பிவிடும். "ஒண்ணுமே இல்லாததுக்கு மிரண்டுச்சு" என்று நாம் சொல்வது அந்தக் காக்கையை மட்டும் பார்த்துவிட்டுத்தான்.

தார்ப்பாய்க்கு வேறு வழி. கேத்தி பக்கம் ஒரு லாயத்தில் நாலு வயதுப் பெட்டை ஒன்று, கேரட் மூட்டை மூடுகிற நீலத் தார்ப்பாயைக் கண்டால் பின்னங்காலில் எழும்பும். அதை நாங்கள் தார்ப்பாயிடம் கொண்டுபோகவே இல்லை. தார்ப்பாயைச் சின்னதாக மடித்து, கயிற்றில் கட்டி, ஒரு பையன் அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு எங்களை விட்டு விலகி நடந்தான். நான் குதிரையோடு பின்னால் போனேன். தன்னை விட்டு விலகி ஓடுகிற பொருள் குதிரைக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை. முதலில் காது இரண்டும் முன்னால், கழுத்து இரும்பு. கொஞ்ச தூரம் போனதும் நடை நீண்டது. பிறகு கயிறு என் கையில் தளர்ந்தது, அதாவது அவள் என்னை முந்திப் போகப் பார்த்தாள். பையன் நின்றதும் அவளும் நின்றாள். மூக்கை நீட்டினாள், பின்னுக்கு இழுத்தாள், மறுபடி நீட்டி உதட்டால் மடிப்பைப் புரட்டினாள். அங்கேயே முடித்து லாயத்துக்குக் கூட்டிப் போய்விட்டோம். அன்றைக்கே விரித்து மேலே நடக்கவும் வைத்துவிடலாம் என்று ஆசை வரும், அந்த ஆசைதான் பல குதிரைகளைக் கெடுத்திருக்கிறது. விரித்ததும் அதன் மேல் நடந்ததும் பிறகு தனித்தனி நாட்களில் நடந்தன. மெதுவாகப் போகிற டிராக்டரின் பின்னால் தூரத்தில் நடந்து போவதையும் இதே கணக்கில் செய்யலாம். வண்டியைப் பார்த்தால் துரத்தலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் எதிரே வரும் வண்டி பாதி சுலபமாகிவிடும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு தடவை விழுந்த பிறகு அந்தத் திருப்பம் வரும்போது உங்கள் தொடை இறுகும், மூச்சு நிற்கும், லகான் குட்டையாகும். சுவீடனில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையோடு நடப்பவர்களிடமும் சவாரி செய்பவர்களிடமும் இந்தத் தடவை எதிரில் ஒருவர் குடையை விரிக்கப் போகிறார் என்று மட்டும் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. மனிதருக்கு நெஞ்சு வேகமாக அடித்தது, குதிரைக்கும் அடித்தது. ஆகவே இப்போதைக்கு இறங்கி நடங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தரையில் நின்றுகொண்டு நட, நில், பின்னால் போ, தலையைத் தாழ்த்து என்ற நான்கும் விரல் அசைவில் நடக்கும்வரை ஏற வேண்டாம். சரியாகச் செய்த அந்த நொடியே கயிறு தளர வேண்டும். இரண்டு நொடி கழித்துத் தளர்த்தினால் அது வேறு எதையோ கற்றுக்கொள்ளும். தட்டிக்கொடுப்பதைவிட, பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் நகத்தால் சொறிந்து கொடுங்கள், குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிகிற இடம் அது, அங்கே சொறிந்தால் நெஞ்சுத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மறுபடி ஏறுகிற நாளில் குதிரைச் சவாரிக்கான தலைக்கவசம் போடுங்கள், பூட்ஸ் இல்லாவிட்டாலும் குதிகால் உள்ள செருப்பாவது போடுங்கள், கால் அங்கவடிக்குள் சிக்கி இழுபட்டுப் போவது கீழே விழுவதைவிட மோசம்.

சீகைக்காட்டுத் திருப்பத்துக்கு மாமாவின் பெட்டைக் குதிரை வந்த பிறகு போங்கள். அது முன்னால், உங்கள் குதிரை பின்னால், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு. திருப்பத்துக்கு முன்பே நின்று மேய விட்டுத் திரும்பி வாருங்கள். தயங்குகிற இடத்துக்கு முன்னாலேயே நீங்களாகத் திரும்புகிற நாட்கள் சில இருந்தால், நிற்பதால் வீட்டுக்குப் போகலாம் என்று அது கற்றுக்கொள்ளாது. "வேணும்னே பண்ணுது" என்ற உங்கள் சந்தேகத்தில் உண்மை இருந்தால் இந்த இடத்தில்தான். தொடக்கம் பயம், ஆனால் அது நின்ற ஒவ்வொரு தடவையும் நீங்கள் இறங்கித் திரும்பியிருந்தால் இப்போது பாதி பழக்கமாகியிருக்கும்.

ஒரு பயத்தை மட்டும் போக்க வேண்டாம். அந்தத் திருப்பத்தில் காட்டுமாடு நடமாட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், சாணமும் குளம்படியும் பாருங்கள். இருந்தால் குதிரை உங்களுக்கு முன்பே வாசனை பிடித்துவிட்டது, அது நிற்பது நியாயம். காட்டுமாட்டுக்குப் பழகிய குதிரை உங்களை அதன் கொம்புக்கே கூட்டிக்கொண்டு போகும். அங்கே குதிரை சொல்வதைக் கேட்டுத் திரும்புங்கள்.

தீனி பற்றிச் சுருக்கமாக. வேலை இல்லாமல் நிற்கிற குதிரைக்குக் கொள்ளும் தவிடும் அள்ளிக் கொட்டினால் அது எங்காவது துள்ளலாகத்தான் வெளியே வரும். உடம்பு எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை புல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும், நெடுநேரம் வெறும் வயிற்றில் கட்டிவைத்தால் புண்ணாகும், வயிற்றுப்புண் உள்ள குதிரை எரிச்சலாகவே இருக்கும். கேரட் கொடுங்கள், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்காது.

சுழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெற்றியில் இரட்டைச் சுழி இருப்பதால்தான் இப்படி, விற்றுவிடு என்று ஒருவர் சொன்னாராம். மாடுகளில் நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே இருப்பவை கொஞ்சம் அதிகமாகக் கலவரப்படுகின்றன என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள், ஆகவே முழுக்கச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு குதிரையை விற்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன். காயடித்தால் பயம் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெட்டையைக் கண்டால் கனைப்பது, மற்ற ஆண் குதிரையோடு மோதுவது எல்லாம் குறையும். ஏரிக்கரைக் கூட்டத்தில் நிற்க வேண்டிய குதிரைக்கு அது நல்லதுதான். பஸ் பயத்துக்கு அது மருந்தல்ல. மாமாவின் பெட்டை வருவதானால் அதற்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள். காயடித்த பிறகும் சில வாரம் இரண்டையும் ஒரே இடத்தில் அவிழ்த்து விடாதீர்கள், அதுவரை சினையாக்க வாய்ப்புண்டு.

சீசன் விஷயத்தில் உங்களுக்குப் பண நெருக்கடி இருப்பது புரிகிறது. இருந்தாலும் மூன்றரை வயதில் முதுகெலும்பின் வளர்ச்சி முடிந்திருக்காது, அதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும். சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு, உங்கள் குதிரை 300 கிலோ என்றால் 60 கிலோ. வருகிறவர்கள் தராசில் ஏறிவிட்டா குதிரையில் ஏறுகிறார்கள்? கத்துவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், பலூனைக் கட்டிக்கொண்டு குழந்தையை ஏற்றுவார்கள். இந்த மே மாதம் அதிகாலையில், கூட்டம் வருவதற்கு முன், வெறும் சேணத்தோடு பெட்டைக் குதிரையின் பின்னால் ஏரியை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போங்கள். 5 கிலோமீட்டர், அதுவே அதற்குப் பெரிய பாடம். பழக்கமான ஆள் ஏறுவது மழைக்குப் பிறகு. அந்நியர் ஏறுவதை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

இதில் எதைச் செய்தும் மிரட்சி கூடிக்கொண்டே போனால், அல்லது தெரிந்த லாயத்துக்குள்ளேயே பொருள்களில் முட்டிக்கொண்டால், கண் பார்வையைச் சோதிக்க வேண்டும். அதை எழுத்தில் நான் சொல்ல முடியாது. இப்போதைக்குக் கொடைக்கானல் கால்நடை மருத்துவரிடம் வாயையும் காதையும் காட்டிவிட்டு, அவர் சொன்னதை இங்கேயே எழுதுங்கள். இப்போது போடுகிற கடிவாளத்தையும், சேணம் கட்டிய குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தியும் ஒரு படம் போடுங்கள், சேணம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.